டபுள் விசில்

நாலு எழுத்து படிக்கட்டும் என்றுதான்
பள்ளிக்கூடம் அனுப்பினோம்.
ஃபேர்லேண்ட்ஸ் டாக்டரம்மா சீட்டில்
வேறு நாலு எழுத்து எழுதிக்கொடுத்தார்.
ஏ, டி, ஹெச், டி.
"ரெண்டு டி வருது" என்றாள் கனிஷ்கா.
அதற்குள் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி
மூன்று முறை சுற்றி முடித்திருந்தது.

அவள் அம்மாவுக்கு மில்லில் இரவு ஷிப்ட்.
மாத்திரை எதற்கென்று சொல்லும் வேலை
என் தலையில் விழுந்தது.
எனக்குத் தெரிந்தது பஸ் ஒன்றுதான்.
சேலம் – ஏற்காடு, நாளைக்கு நாலு நடை,
ஏற இருபது கொண்டை ஊசி, இறங்க இருபது.

"பாப்பா, ஒரு விசில் அடிச்சா பஸ் நிக்கும்.
ரெண்டு அடிச்சா கிளம்பும்.
உன் பஸ்ல விசில் சத்தம் கம்மியா கேக்குது.
மாத்திரை போட்டா நல்லா கேக்கும்."
அடிவாரத்திலிருந்து ஒண்டிக்கடை வரை
மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

கட்டில் விளிம்பில் நடந்துகொண்டே சிரித்தாள்.
"கம்மியாவா? ஐயோ அப்பா,
எனக்குள்ள நெறைய கண்டக்டர்.
ஒருத்தர் ஜன்னல்ல குரங்குன்னு ஊதறாரு,
ஒருத்தர் பென்சில் உருளுதுன்னு.
கீர்த்திவாசன் அழுவுறான் பாருன்னு இன்னொருத்தர்.
மிஸ் விசிலும் அதுக்குள்ள ஒண்ணு.
டிரைவர்தான் பாவம்."

"டிரைவர் யாரு?"

"நான்தான்."

நான் ஓட்டிக்காட்டிய பஸ்ஸில்
டிரைவரே இல்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

காலை ஏழரை. இரண்டு இட்லிக்குப் பிறகு
அரை டம்ளர் தண்ணீரோடு ஒன்று.
சாயங்காலம் கேட்டேன்,
"கண்டக்டரெல்லாம் இறங்கிட்டாங்களா?"
"இறங்கல. சீட்ல உக்காந்தாங்க.
ஒருத்தர் தூங்கிட்டாரு.
நான் ஆமைக் கதை முழுசா படிச்சேன்ப்பா.
முடிவுல ஒண்ணுமே நடக்கல."

சோற்று டப்பா திறக்காமல் திரும்பி வந்தது.
மதியம் பசிக்காது, ராத்திரி பசிக்கும் என்று
டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார்.
தெரிந்த விஷயம்தான்.
ஆனாலும் ஆறிப்போன தயிர்சாதத்தைக் கொட்டும்போது
கை கொஞ்சம் நின்றது.

"இப்ப நான் நல்ல பொண்ணாயிட்டேனா?"
கால் கழுவும்போது கேட்டாள்.
"முந்தாநாளும் நல்ல பொண்ணுதான்."
சட்டென்று சொல்லிவிட்டேன்.
சொன்ன வாய்க்குத் தெரியாது,
மூன்றாவது தண்ணீர் பாட்டிலைத் தொலைத்ததற்கு
ஆடி மாதத்தில் இந்தக் கை செய்தது.
அவள் காலைத் துடைத்துவிட்டேன்.
"அன்னிக்கு அடிச்சது அப்பா தப்பு" என்றேன்.
அவள் சோப்புக் குமிழியை உடைத்துக்கொண்டிருந்தாள்.
கேட்டாளா தெரியவில்லை.

வியாழக்கிழமை அவள் பேசவில்லை.
பெஞ்ச் மேல் ஏறி நின்றாளாம்.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் மிஸ் கேட்டாராம்,
"இன்னிக்கு மாத்திரை போடலையா?"
போட்டிருந்தாள்.
சும்மாதான் ஏறினாள்.
மாத்திரை போட்ட பிள்ளையும்
சும்மா ஒருநாள் பெஞ்ச் மேல் ஏறும்தானே.

சில்லறை இல்லாதவர்களுக்கு எழுதித் தருவதுபோல
ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்:
*மிஸ், மாத்திரை பற்றித் தனியாகக் கேளுங்கள்.
அவளிடமே கேளுங்கள். நன்றாகச் சொல்வாள்.*
டைரிக்குள் வைத்தேன்.

எட்டிப் பார்த்தவள் கேட்டாள்,
"பஸ்ல மீதிக் காசை ஏன் பின்னாடி எழுதறே?"
"எழுதலைன்னா மறந்துடுவேன்."
காதில் செருகியிருந்த பேனாவை
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"அப்ப இது உன் மாத்திரை."

மணி ஒன்பது. மூன்றாவது தோசை.
மாலையிலிருந்தே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்,
வீடு முழுக்க விசில்.
சட்னியில் ஒரு யானை வரைந்தாயிற்று,
விளக்கை இரண்டு தடவை அணைத்தாயிற்று.

"போதுமா?"
"எனக்குப் போதும்.
தூங்கினாரே ஒரு கண்டக்டர்,
அவரு இப்பதான் எழுந்தாரு.
அவருக்கு ஒண்ணு ஊத்து."